கொழுந்து மாடியில் பழகிய கை

1. ஜேக்கின் பக்கத்தில்

அந்த எண்ணம் எனக்கு வந்தது ஒரு சனிக்கிழமை பின்னேரம், வெள்ளைக்காரத் துரைமார் கிளப்பின் புல்தரையில், அளவு நாடாவோடு குனிந்து நின்றபோது.

நான் மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது கொழுந்தைத் தூளாக்குகிற ஆலையில், பக்குவம் பார்க்கிற சின்ன டீமேக்கர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் இருந்ததால், சனிக்கிழமைகளில் கிளப்புக்கு மார்க்கராக அனுப்பிவைப்பார்கள். அங்கே ஆடுகிற பௌல்ஸ் என்ற ஆட்டத்தில், முதலில் ஜேக் என்கிற சின்ன வெள்ளை உருண்டையை உருட்டிவிடுவார்கள். பிறகு பெரிய மர உருண்டைகளை மாறி மாறி உருட்டுவார்கள். யாருடையது ஜேக்கை ஒட்டி நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. ஜேக்கின் பக்கத்தில் நின்று அளந்து சொல்பவன் மார்க்கர்.

அன்றைக்கு ஜேக்கை மறித்து இரண்டு உருண்டைகள் கிடந்தன. வாதத்தால் கால் வீங்கிய ஒரு கிழட்டுத் துரை தடியைக் கீழே வைத்துவிட்டு உருட்டினார். உருண்டை எங்கோ போகிறதைப் போல விலகிப் போனது. ஓட்டம் தளர்ந்ததும் மெல்ல வளைந்து, அந்த இரண்டையும் சுற்றிக்கொண்டு வந்து ஜேக்கைத் தொட்டு நின்றது. ஒரு பக்கம் பாரம் கூடுதலாக வைத்துக் கடைவதால் வருகிற வளைவு அது. பயஸ் என்பார்கள்.

ஓடத் தேவையில்லை, பலம் தேவையில்லை. கை அளவு ஒன்றுதான். நாடாவை விரிக்க மறந்து நின்றேன். இது எனக்கு வரும் என்று பட்டது.

கிளப்பின் சமையலையும் சாமான்களையும் பார்த்துக்கொண்ட காசிம் நானாவிடம் கேட்டேன்.

"நானா, இந்த ஆட்டத்த வச்சே தேசம் தேசமா போறவங்க இருக்காங்களாமே?"

"இருக்காங்க. கப்பலேறிப் போய் ஆடுறாங்க. ஏன், ஒங்களுக்கும் ஒரு டிக்கட் எடுக்கவா?"

"எடுங்களேன்."

"மொதல்ல பெரிய டீமேக்கர் ஐயாகிட்ட லீவு எடுங்க தம்பி. கப்பல பொறவு பாப்போம்."

சிரித்தாலும் மனிதர் சும்மா விடவில்லை. வெடிப்பு விழுந்த பழைய உருண்டைகள் நான்கைச் சாக்கில் போட்டுக் கொடுத்தார்.

"அடுப்புல போடச் சொன்னாங்க. சனியன், எரியவும் மாட்டேங்குது. கொண்டு போங்க."

2. மாடி

உருண்டை கிடைத்தது, தரை கிடைக்கவில்லை. கிளப்பின் புல்லில் வேலைக்காரர்கள் வெறுங்காலோடு நடக்கலாம், களை பிடுங்கலாம், ரோலர் இழுக்கலாம். உருண்டையை மட்டும் உருட்டக்கூடாது. அப்படி எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை.

எங்கள் ஸ்டோரின் மேல்மாடி நீளமான பலகைத் தரை. பச்சைக் கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் பரப்பி வாட்டுகிற இடம். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து வராது. தரையில் சாக்கை இழுத்து விரித்து, சுண்ணாம்பு பூசிய விளாங்காய் ஒன்றை ஜேக்காக வைத்து உருட்டினேன். சாக்கில் உருண்டை நிற்கவே மாட்டாது. விரலால் தள்ளினாலே சுவர் வரைக்கும் போகும். அதை அடக்கப் பழகினேன். குறியை நன்றாக விலக்கிப் பிடித்து, பஞ்சை விடுகிற மாதிரி விட்டால், பெரிய அரைவட்டம் போட்டுத் திரும்பி வரும். இரண்டு மழைக்காலம் போனபின் விளாங்காயைத் தொடாமல் நின்ற உருண்டைகள் குறைவு.

ஒருநாள் டீமேக்கர் ஐயா படியேறி வந்து பார்த்துவிட்டார்.

"என்னடா இது, தேயிலை ஸ்டோரா, கார்னிவலா?"

"கொழுந்து இல்லாத நாள்தானேங்க ஐயா."

"சாக்கு கிழிஞ்சா ஒன் வேட்டிய விரிச்சிதான் கொழுந்து போடுவேன். தெரிஞ்சிக்க."

சுருண்டு கிடந்த சாக்கின் ஓரத்தைக் காலால் சரிசெய்துவிட்டு இறங்கிப் போனார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

3. கப்பல் துரை

பக்கத்துத் தோட்டத்துத் துரையின் உறவினர் ஒருவர் வந்தார். பல தேசங்களுக்குப் போய் பௌல்ஸ் ஆடுகிறவர். கிளப் ஆட்கள் அவருக்குக் கப்பல் துரை என்று பேர் வைத்தார்கள். காசிம் நானா தேநீர் கொடுக்கிற சாக்கில் என் கதையை அவர் காதில் போட்டுவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையே துரை மாடிக்கு வந்து நின்றார்.

நான் உருட்டினேன். விளாங்காயை ஒட்டி நின்றது. இன்னொன்று, அதுவும். அவர் கோட்டைக் கழற்றிவிட்டு உருட்டினார். அவருடைய உருண்டை விளாங்காயைத் தாண்டிப் போய்ச் சுவரில் மோதியது. வாய்விட்டுச் சிரித்தார். தன் ஊரில் பனிக்காலத்தில் கூரைக்குள் கம்பளம் விரித்து இப்படித்தான் ஆடுவார்கள் என்றார். பிறகு சொன்னார்: "அடுத்த சனிக்கிழமை என் ஜோடியாகப் புல்லில் ஆடு. இதே கையைக் காட்டினால் உன்னைக் கொழும்புக்குக் கூட்டிப்போவேன். அங்கே வெளித்தேசம் போகிற ஆட்டக்காரர்களைச் சேர்க்கிறார்கள். அவர்கள் முன்னால் உன்னை நிறுத்துவேன்."

அந்த வாரம் முழுவதும் நான் நிலத்தில் கால் வைத்து நடந்ததாக நினைவில்லை.

4. புல்

கிளப் துரைமார் விருந்தாளியின் முகத்துக்காகச் சம்மதித்தார்கள். ஆனால் ஆட்டக்காரரின் சப்பாத்து எனக்கு இல்லை. வேலைக்காரனைப் போல வெறுங்காலோடு இறங்கினேன்.

முந்தின நாள் பெய்த மழையில் புல் ஈரமாக இருந்தது. என் முதல் உருண்டை பாதி வழியில் படுத்துவிட்டது. வராந்தாவில் சிரிப்பு கேட்டது. அடுத்ததை அழுத்தி விட்டேன். மாடியில் விடுகிற மாதிரியே விலக்கிப் பிடித்திருந்தேன். அது திரும்பி வரவே இல்லை. பக்கத்து ஆட்டக்காரர்களின் காலுக்குள் போய் நின்றது. ஈரப் புல்லில் வளைவு குறைவு, தள்ளுவதற்குப் பலம் வேண்டும் என்று காலுக்குத் தெரிந்தது. இரண்டு மழைக்காலம் பழகிய கை கேட்கவில்லை.

"மார்க்கர், ஜேக் அந்தப் பக்கமில்ல, இந்தப் பக்கம்!" என்று ஒரு சின்னத் துரை தோட்டத்துத் தமிழில் கத்தினார்.

கடைசி உருண்டை மட்டும் ஓரளவு ஜேக்கின் அருகே வந்தது. அதற்குள் ஆட்டம் தோற்றுப்போயிருந்தது.

கப்பல் துரை கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை. "நீ பலகைக்கு நல்ல ஆட்டக்காரன். அவர்கள் தேடுவது புல்லுக்கு" என்று என் தோளைத் தட்டிவிட்டு, திங்கட்கிழமை மாத்தளையில் ரயிலேறிப் போய்விட்டார்.

5. எந்த முனை

இப்போதும் சனிக்கிழமைகளில் நான் மார்க்கர். விருந்தாளிக்காகக்கூட வேலைக்காரனைப் புல்லில் இறக்குவதில்லை என்று கிளப்பில் முடிவு செய்துவிட்டார்கள். அது காதுக்கு வந்ததும் டீமேக்கர் ஐயா ஞாயிற்றுக்கிழமைகளில் மாடிக்குப் பூட்டுப் போட்டார். பலகையில் உருண்டை ஓடுகிற சத்தம் அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது என்று பிறகு யாரோ சொன்னார்கள். சொல்லி என்ன பயன்? இன்னொரு கப்பல் துரை இந்த மலைக்கு வருவார் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் இல்லை. வந்தாலும் நான் இறங்கத் தரை இல்லை. சில நாள் தராசில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருக்கும்போதே வலது கை தானாக அரைவட்டம் போடும். அதைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வருகிறது.

தோட்டத்து உத்தியோகத்தில் இருந்துகொண்டு எதற்காவது ஆசைப்படுகிற தம்பிமாருக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். எத்தனையோ சனிக்கிழமை அந்தப் புல்லின் மேல் நின்றேன்; எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஆனால் நின்றது எப்போதும் ஜேக்கின் பக்கம். உருண்டை வந்து சேர்வதைத்தான் பார்த்தேன். எவ்வளவு பலத்தோடு, எந்தக் கோணத்தில் அது கையை விட்டுப் புறப்படுகிறது என்று ஒருநாளாவது அந்த முனைக்குப் போய்ப் பார்க்கவில்லை.

போன வாரம் காசிம் நானா கேட்டார்.

"என்ன தம்பி, டிக்கட்ட கேன்சல் பண்ணிடவா?"

"ஓரத்துல வெட்டிப் போடுற புல்ல என்ன செய்றீங்க நானா?"

"தண்ணி ஓடுற கான்ல கொட்டுறோம். ஏன், மாடு வாங்கிட்டீங்களா?"

புல்தரைக்கு வெளியே ஓடுகிற புல்லின் கொடிகளை அவர்கள் வெட்டி எறிகிறார்கள். கணுவோடு ஊன்றினால் அவை வேர் பிடிக்கும். ஸ்டோரின் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் உருண்டை உருட்டுகிற அளவுக்கு நீளமான ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கிறது. கல் நிறைய. மத்தியானம் வரைக்கும் நிழல். எங்கள் தோட்டத்துப் பெரிய துரை கண்டால் தேயிலை நடச் சொல்லலாம். வேர் பிடிப்பதற்கு முன்னால் வெயில் தின்றுவிடலாம்.

நானா இரண்டு சாக்கு நிறையக் கொடியை ஈரத்துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். நாளைக்குக் கல் பொறுக்குகிறேன். மழை விழுந்ததும் ஊன்றுவேன், உருண்டை புறப்படுகிற முனையிலிருந்து.