பதினான்கு கட்டங்கள்

மங்கை டீச்சரைப் பற்றிச் செஞ்சியில் சொல்லப்படுவதில் பாதியை நம்பினால் போதும், மீதியைக் கேட்டு ரசித்துக்கொள்ளலாம். பதினெட்டு வயதில் அவள் டைப்ரைட்டிங் ஹையர் தேர்வு எழுதியபோது தட்டிய வேகத்தில் ரிப்பன் புகைந்துவிட்டது என்றும், கண்காணிக்க வந்த அதிகாரி பதறிப்போய் கூஜாத் தண்ணீரை மெஷின்மேல் ஊற்றினார் என்றும் சொல்வார்கள். அது ரசிக்க வேண்டிய பாதி. வயது நாற்பத்தேழு, திருவண்ணாமலை ரோட்டில் ஒரு மாடியில் இருபத்தாறு வருடமாக டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இன்ஸ்டிடியூட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறைகளில் தனியாக இருக்கிறாள். இது நம்ப வேண்டிய பாதி.

பன்னிரண்டு மெஷின்கள். தேர்வு நெருங்கும் மாதங்களில் பன்னிரண்டும் ஒன்றாக ஓடினால் அந்த மாடியில் காக்கை உட்காராது. சத்தம் ராஜகிரி வரை போய், கோட்டைக் குரங்குகள் அதற்குத் தாளம் வைத்து நடக்கும் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், போகட்டும். ஆனால் கடைசி பேட்ச் பிள்ளைகள் இறங்கிப் போன பிறகு அங்கே விழும் அமைதியை மட்டும் நம்புங்கள். பன்னிரண்டு மெஷினுக்கும் உறையை மாட்டிவிட்டு மங்கை ஒரு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். எதிர் நாற்காலி காலியாக இருக்கும்.

அந்த நாற்காலி ஜெயராணியுடையது. பிள்ளைகளுக்குத் தமிழ் டைப் சொல்லிக்கொடுத்தவள் ஜெயராணி, ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசித்தவள். இருபத்திரண்டு வருடம் இருவரும் ஒரே அறையில் சோறு தின்றார்கள். மத்தியானம் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் மங்கை காகிதம் போடாத மெஷினில் முதல் பாடத்தைத் தட்டுவாள். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், ஒரு இடைவெளி. செமிகோலன் எல் கே ஜே எச் ஜே, ஒரு இடைவெளி. அதன்மேல் ஜெயராணி வாயாலேயே ஏதாவது ஒரு ராகத்தை இழுப்பாள். கேட்க ஆள் கிடையாது. இருவருக்கும் அது போதுமாக இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் ஜெயராணியின் மகன் அவளுக்குச் சார்ஜாவில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பிடித்துக் கொடுத்தான். புறப்பட்டது ஆடி மாதம்.

"ஆவணி பொறந்ததும் போயேன்டி. ஆடியில தொடங்குனது எதுவும் நிக்காது" என்றாள் மங்கை.

"எங்களுக்கு இன்னாடி ஆடி? நிக்காட்டி திரும்பி வந்துடுவேன். உனக்கு நல்லதுதான?" என்று சிரித்துக்கொண்டே ஜெயராணி ஆட்டோவில் ஏறினாள்.

வேலை நிலைத்து நின்றது. திரும்பித்தான் வரவில்லை. ஆடி தன் வேலையைத் தவறான இடத்தில் காட்டிவிட்டது என்று மங்கை நினைத்துக்கொண்டாள். வேலையைத் தொடாமல் விட்டுவிட்டு, அந்த மத்தியான நேரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

போன ஆனி மாதம் ஜெயராணி போன் செய்தாள்.

"சாப்டியாடி?"

"ஆச்சு. நீ?"

"அத வுடு. இங்க தமிழ்ச் சங்கத்துல அக்டோபர்ல ஆண்டு விழா. பதினஞ்சு நிமிஷம் மியூசிக் பண்ணச் சொல்லி எங்கிட்ட குடுத்துட்டாங்க. பாட்டு இல்ல, வெறும் மியூசிக். கம்ப்யூட்டர்ல பண்றது. ட்யூன் நான், தாளம் நீ. ரெண்டு பேர் பேரையும் போடறாங்க."

"எனக்கு அதெல்லாம் இன்னா தெரியும்?"

"உனக்குத் தெரியாத தட்டலா? எம்பையன் எனக்கு ஒரு சாப்ட்வேர் போட்டுக் குடுத்திருக்கான். நீயும் அதையே வாங்கு. நான் செஞ்ச பைலை நீ தொறக்கலாம், நீ செஞ்சத நான் தொறக்கலாம். பக்கத்துல உக்காந்த மாதிரியே இருக்கும்."

பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி. மங்கைக்குக் காதில் விழுந்தது அது ஒன்றுதான். ஆண்டு விழாவோ பேரோ அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த எதிர் நாற்காலி மறுபடி நிரம்பும் என்றால் எந்தச் சாப்ட்வேரையும் வாங்கத் தயாராக இருந்தாள்.

இன்ஸ்டிடியூட்டில் ஒரு லேப்டாப் இருந்தது. தேர்வுக் கட்டணம் கட்டுவதற்கென்று வாங்கியது. அதைத் திறந்து வைத்துவிட்டுச் சிங்கவரம் போய், மலைப்படி ஏறி, ரங்கநாதரைச் சேவித்துவிட்டு, பஸ் பிடித்துத் திரும்பினாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதில்தான் அவள் வீடியோக்களாகப் பார்த்தாள். தலைமுடியை நீலமாக்கிக்கொண்ட ஒருவன் நீளமாக ஒரு கீபோர்டை வைத்துத் தட்ட, அறையே அதிர்ந்தது. வாங்க வேண்டிய முதல் பொருள் அதுதான் என்று முடிவு செய்து ஆன்லைனில் ஆர்டர் போட்டாள். சாப்ட்வேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பெட்டி வந்த நாள் ஆடி ஒன்றாம் தேதி.

கூரியர்காரரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு அதை அப்படியே பீரோவின் மேல் ஏற்றினாள். இன்ஸ்டிடியூட்டில் ஆடியில் புது அட்மிஷன் போடுவதில்லை, புது ரிப்பன்கூட மாற்றுவதில்லை. மற்றவற்றிலாவது கொஞ்சம் விட்டுக்கொடுத்திருப்பாள். இது ஜெயராணியோடு தொடங்குவது. இதில் இன்னொரு முறை ஆடியை உள்ளே விட அவளுக்கு மனமில்லை.

வாரம் ஒரு முறை ஜெயராணி கேட்பாள்.

"தொறந்தியாடி?"

"ஆடி முடியட்டும்."

"அந்தப் பெட்டிக்கு ஆடி தெரியுமா ஆவணி தெரியுமா? சீனாக்காரன் செஞ்சதுடி அது!"

"செஞ்சவன் யாரா இருந்தா இன்னா? தொறக்கறவ நானு. அக்டோபருக்கு இன்னும் எவ்ளோ நாள் இருக்குது."

முப்பத்தோரு நாள் அந்தப் பெட்டி பீரோமேல் இருந்தது. அதில் இரண்டு முறை அவள் அதைத் துடைத்து வைத்தாள்.

ஆவணியில் நல்ல நாள் பார்த்து, விளக்கேற்றி, பெட்டியின் மூலைகளில் மஞ்சள் தடவிப் பிரித்தாள். வெள்ளையும் கறுப்புமாக நாற்பத்தொன்பது கட்டைகள். ஒயரை லேப்டாப்பில் செருகினாள். கீபோர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. வலது கை ஆள்காட்டி விரலால் ஒரு கட்டையை அழுத்தினாள்.

சத்தமில்லை.

எல்லாக் கட்டைகளையும் வரிசையாக அழுத்தினாள். பிளாஸ்டிக் தொடும் டொக் டொக் மட்டும் கேட்டது. லேப்டாப்பையும் கீபோர்டையும் இரண்டு பைகளில் போட்டுக்கொண்டு அரிகிருஷ்ணன் கடைக்குப் போனாள். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவன், நாற்பதை நெருங்கியவன், மங்கையிடம் படித்து லோயர் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவன்.

"இன்னா டீச்சர், டிஜே ஆவப் போறீங்களா?" என்றான்.

"மூணாவது தடவையாவது பாஸ் பண்ணியிருந்தா இந்தக் கேள்வி கேக்க உனக்கு உரிமை உண்டு. இத பாரு. கெட்டுப்போனத அனுப்பிட்டான்."

அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கெடல டீச்சர். இதுக்குள்ள சத்தமே கெடையாது. இது மிடி கீபோர்டு. எந்தக் கட்டைய தொட்டீங்கன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும், அவ்ளோதான். சத்தம் சாப்ட்வேர்லருந்து வரணும்."

"ரிப்பன் இல்லாத மெஷின்னு சொல்லு."

"அதேதான்."

ஜெயராணியின் சாப்ட்வேர் பெயரைச் சொன்னாள். அரிகிருஷ்ணன் லேப்டாப்பை ஒரு தட்டு தட்டினான். "இதுல அதப் போட்டா யானைய மினிபஸ்ல ஏத்துன மாதிரி. புது லேப்டாப் வேணும். சாப்ட்வேரும் காசு. இந்தக் கீபோர்டு வேணான்னா திருப்பி அனுப்பியிருக்கலாமே, பத்து நாள் டைம் குடுப்பானே? எப்ப வந்துது?"

"ஆடி ஒண்ணு."

அவன் சிரிக்கவில்லை. அவன் வீட்டிலும் புது மிக்சி ஒன்று ஆடி முழுக்கப் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும்.

அன்று மாலையே ஜெயராணி கூப்பிட்டாள். வழக்கமாகச் சாப்பிட்டாயா என்று தொடங்குபவள் அன்று அப்படித் தொடங்கவில்லை.

"மங்கை, கோச்சுக்காத. ரிகர்சல் ஆரம்பிச்சிட்டாங்க. கமிட்டில நெருக்குறாங்க. இங்க விமல்ராஜுன்னு ஒருத்தரு, பண்ருட்டிக்காரரு, அவருகிட்டயும் இதே சாப்ட்வேர் இருக்குது. தாளத்த அவரே போட்டுட்டாரு."

"சரி."

"உன் பேரையும் சேத்துப் போடச் சொல்றேன்டி."

"தட்டாத பேப்பருக்கு எனக்கெதுக்கு மார்க்கு?"

"அடுத்த வருஷம் நாம பண்ணலாம். நீ அதே சாப்ட்வேர வாங்கி வையி."

"பாக்கலாம். உனக்கு அங்க டைம் ஆவுது, போய்த் தூங்கு."

சார்ஜாவில் மணி ஆறரைகூட ஆகியிருக்காது. ஜெயராணி அதைச் சொல்லாமல் போனை வைத்தாள்.

விமல்ராஜ் போட்ட தாளத்தை மறுநாள் அனுப்பினாள். குறை சொல்ல முடியாத தாளம். பதினாறு பதினாறாக, வரிசையாக நிறுத்திய நாற்காலிகள் போல இருந்தது. மங்கை மூன்று முறை கேட்டாள். ஒவ்வொரு முறையும் அவள் கட்டைவிரல் இடைவெளிக்காகக் காத்திருந்தது. அந்த இடைவெளி எங்குமே வரவில்லை.

ஒரு வாரம் அவள் லேப்டாப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு மத்தியானம் அதே கடைக்குப் போனாள்.

"எனக்கு மட்டும் போதும். வேற யாரும் அத தொறக்கத் தேவையில்ல. அப்படின்னா இன்னா போடுவ?"

அரிகிருஷ்ணன் இரண்டு இலவசச் சாப்ட்வேர்களைப் போட்டுக் காட்டினான். ஒன்று பார்க்கப் பட்டுப்புடவை. ஆனால் அதில் ஒரு சுற்றுத் தாளத்துக்குப் பதினாறு கட்டங்கள்தான், கட்டத்துக்கு ஒரு தட்டு, கூட்டவோ குறைக்கவோ முடியாது. இன்னொன்று சாம்பல் நிறம், ரேஷன் கடைச் சுவர் மாதிரி. அதில் கட்டங்களை வேண்டிய அளவுக்குக் குறைக்கலாம்.

"எல்லாரும் பதினாறுதான் வெப்பாங்க டீச்சர்."

மங்கை விரலை விட்டு எண்ணினாள். ஆறு எழுத்து, ஓர் இடைவெளி. ஆறு எழுத்து, ஓர் இடைவெளி. "பதினாலு. இதையே போடு."

"இதுல செஞ்சத ஜெயராணி அக்கா மெஷின்ல தொறக்க முடியாது. அந்தச் சாப்ட்வேர் வேற, இது வேற. பாட்டா மாத்தி அனுப்பலாம், கேக்கலாம், அவ்ளோதான்."

"தெரியும். போடு" என்றாள்.

அந்தச் சாம்பல் சாப்ட்வேரில் இன்னொன்றும் இருந்தது. மிடி கீபோர்டே தேவையில்லை, லேப்டாப்பின் எழுத்துகளே கட்டைகள். ஏ என்றால் ஒரு சுரம், எஸ் என்றால் அடுத்தது. மங்கை பார்க்காமலே விரல்களை நடு வரிசையில் வைத்தாள். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப். இருபத்தாறு வருடம் வெறும் தட்டலாகக் கேட்டது ராகமாக மேலே ஏறி ஒரு படி இறங்கியது. செமிகோலன் எல் கே ஜே எச் ஜே. மேலிருந்து இறங்கி, கடைசியில் ஒரு படி ஏறியது. அரிகிருஷ்ணன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மேசையில் வைத்துவிட்டான்.

"இத நீங்க அப்பவே சொல்லிக் குடுத்திருந்தா நான் பாஸ் பண்ணியிருப்பேன் டீச்சர்."

"கதையா வுடுற?"

ஒயர் இல்லாத ஹெட்போனில் தட்டியது ஒரு நொடி தாமதமாகக் காதுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை தட்டினால் சனிக்கிழமைதான் கேட்கும் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னாள். ஒயர் ஹெட்போன் ஒன்று வாங்கிக்கொண்டாள். அதற்குமேல் எதையும் வாங்கவில்லை.

மத்தியானங்களில் வேலை நடந்தது. பன்னிரண்டு மெஷின்களின் சத்தத்தையும் போனில் பதிவு செய்து உள்ளே ஏற்றினாள். வரி முடியும்போது அடிக்கும் மணி, உருளை திரும்பும் கரகரப்பு, எழுத்துக் கம்பிகள் இரண்டு சிக்கிக்கொள்ளும் ஓசை. வேகம் நிமிடத்துக்கு நூற்றைந்து அடி, ஓர் அடிக்கு நான்கு கட்டம். நான்கு நிமிடத்தில் முடியும் ஒன்றைச் செய்தாள். அதன் நடுவில் பதினான்கு கட்டங்களைத் தொடர்ந்து நான்கு முறை காலியாக விட்டாள். எட்டு நொடி வரும். ஏன் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். ஜெயராணி இழுக்கும் ஒரு மூச்சுக்கு அந்த இடம் சரியாக இருக்கும். பைல் திறக்காது, அவளால் உள்ளே எதையும் வைக்க முடியாது என்று தெரியும். தெரிந்தேதான் விட்டாள். கேட்கும்போது அவள் வாய் தன்னால் ஏதாவது இழுக்காதா?

பாட்டாக மாற்றி அனுப்பினாள். ஒரு நாள் முழுக்கப் பதில் வரவில்லை. மறுநாள் மத்தியானம் குரல் செய்தி வந்தது. பின்னால் யாரோ மைக்கைச் சோதிக்கும் சத்தம், சிரிப்புச் சத்தம், விமல்ராஜாகவும் இருக்கலாம்.

"ஏய் மங்கை, சூப்பர்டி! நம்ம இன்ஸ்டிடியூட்லயே உக்காந்திருக்கற மாதிரி இருந்துது. அந்த மணி சத்தம் வரும்போது எனக்கு அழுகையே வந்துடுச்சு. நடுவுல மட்டும் நெட்டு கட் ஆயிடுச்சு போலருக்கு, கொஞ்ச நேரம் ஒண்ணுமே கேக்கல. முடிஞ்சா மறுபடி அனுப்பு, இன்னா? சரி, கூப்புடறாங்க, வெக்கறேன்."

மங்கை அதை இரண்டாம் முறை கேட்கவில்லை. "ஆமா, நெட்டுதான்" என்று தட்டி அனுப்பினாள்.

பிறகு லேப்டாப்பைத் திறந்தாள். வட்டம் சுற்றி முடியும் வரை காத்திருந்து, அந்தக் காலியான கட்டங்களுக்குப் போய், விரல்களை நடு வரிசையில் வைத்தாள். நான்கு மணி பேட்ச் பிள்ளைகள் படியேற இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.