விசிறி இல்லாத விமானம்

சித்தூரில் அப்பாவு நடத்திய அச்சகத்தில் பதினோரு வருடமாக அச்செழுத்துக் கோத்துவந்தவர் நாகேந்திரன். ஐம்பத்தொன்பதாம் வருடம் முழுக்க மதராஸ், ஆந்திர எல்லைத் தகராறு நோட்டீசுகள்தான். திருத்தணி மதராஸுக்கே என்று தமிழில் ஒன்றைக் கோத்து முடிப்பார்; அதற்கு மறுப்பு தெலுங்கில் வரும், அதையும் அவரே கோப்பார். அலுத்துவிட்டது.

பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் அந்தப் படத்தைப் பார்த்தது அப்போதுதான். அமெரிக்காவில் சோதனைக்காகச் செய்த விமானம். ஒலியையே பல மடங்கு முந்துமாம். ஊசி மூக்கு, குட்டை இறக்கை, வாலில் நெருப்பு. பொங்கல் வாழ்த்து அட்டைக்கு இதைப் போட்டால் என்ன? மூன்று வாரம் உட்கார்ந்து மரக்கட்டையில் செதுக்கினார்.

அப்பாவு அச்சுப்பிரதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாபா, ஈட்டி மாதிரி கீது? மூக்குல சுத்துற விசிறி எங்க?"

"இதுக்கு விசிறி கிடையாதுங்க. பின்னால நெருப்பக் கக்கிக்கினு போவும்."

"ஜனங்களுக்கு அது தெரியுமா? விசிறி போடு."

"செதுக்கி எடுத்த கட்டைய மறுபடி ஒட்ட முடியாதுங்க."

அப்பாவு முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். மேலே தமிழில் பொங்கல், கீழே தெலுங்கில் சங்கராந்தி. ஐந்நூறு அட்டைகள் திருப்பதியில் சிட்டிபாபுவின் கடைக்குப் போயின.

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் மனசு கேட்காமல் நாகேந்திரனும் பஸ் ஏறினார். கடை வாசலில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். கிட்டே போனவர் அப்படியே நின்றுவிட்டார். ஒவ்வொரு விமானத்தின் மூக்கிலும் நீல மையில் ஒரு விசிறி.

"மொத நாலு நாளு ஒண்ணுகூட போவலண்ணா," என்றார் சிட்டிபாபு பெருமையாக. "நானே உக்காந்து வரைஞ்சேன். அப்புறம் பாருங்க, பிச்சிக்கினு போவுது!"

"வரையாதது ஒண்ணாவது கீதா?"

"எல்லாத்துக்கும் போட்டுட்டேன், கவலப்படாதீங்க."

திட்டலாம் என்று வாயைத் திறந்தார். அந்த ஆள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம், வந்த வழியே பஸ்ஸுக்கு நடந்தார். திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் பேச்சுக் கொடுத்தபோது எரிந்து விழுந்தார்.

மறு வருடத்துக்கு விசிறியோடு புதுக் கட்டை வேண்டும் என்றார் அப்பாவு. அதற்குள் திருத்தணி மதராஸோடு போயிருந்தது. நோட்டீசு வேலையும் குறைந்திருந்தது.

"கட்டைக்கு வேற ஆளப் பாத்துக்கங்க," என்றார் நாகேந்திரன். முதலாளி சொன்ன வேலையை அவர் செய்ய மாட்டேன் என்றது அதுதான் முதல் தடவை.

அப்பாவு கோபித்துக்கொள்ளவில்லை. மதராஸிலிருந்து ஒரு விமானப் பட பிளாக் தருவித்தார். தடித்த உடம்பு, மூக்கில் பெரிய விசிறி. வாழ்த்து வரிகளை இரண்டு மொழியிலும் கோக்க வேறு ஆள் இல்லை. நாகேந்திரன்தான் கோத்தார், ஒரு பிழை இல்லாமல்.