குறைந்த தண்டம்

போர்க்காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையை வாடகைக்கு விட்டிருந்தேன். பற்றுச்சீட்டு கொடுத்ததில்லை, வரிப் படிவத்தில் அந்த வருமானத்தைக் காட்டியதும் இல்லை. மழை பெய்த நாள், மின்சாரம் நின்ற நேரம், வாசித்து முடித்த புத்தகம் எல்லாவற்றையும் திகதியிட்டு எழுதும் என் நாட்குறிப்பில்கூட வாடகை பற்றி ஒரு வரி கிடையாது.

அந்நாட்களில் வீட்டில் தங்கும் ஒவ்வொருவரையும் பொலிசில் பதிய வேண்டும். படிவத்தில், வீட்டுக்காரருக்கு அவர் என்ன முறை என்று ஒரு கட்டம். வாடகைக்கு இருப்பவர் என்று எழுதினால் அந்தத் தாள் எப்படியாவது வரிக் கந்தோருக்குப் போய்விடும் என்று எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டாருக்கும் பயம். ஆகவே ஒழுங்கை முழுவதும் மருமக்களும் பெறாமக்களும் நிறைந்திருந்தார்கள். கனடா விசாவுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் அறையில் தங்கிய படவரைஞரை, நானும் என் அக்காவின் மகன் என்றே எழுதிக் கொடுத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஸ் தரிப்பில் பொலிசார் அவரைப் பிடித்தார்கள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டதற்கு உள்ளதைச் சொல்லியிருக்கிறார்: வாடகை அறையில்.

நான் பொலிஸ் நிலையத்துக்குப் போனபோது, தமிழ் தெரிந்த சார்ஜன்ட் அந்தப் படிவத்தை என் பக்கம் திருப்பினார். "மருமகன் மாமாவுக்கு வாடகை சல்லி குடுக்கிறதா? ரெண்டு பேரில ஒராள் பொய்."

"நான்தான், மஹத்தயா."

"அப்ப வாடகை வாங்கின துண்டு காட்டுங்க."

காட்ட ஒன்றும் இருக்கவில்லை. கம்பிக்கு அப்பால் நின்றவர் என்னைக் குறை சொல்லவில்லை. "அண்ணை, கழுவிப்போட்ட சேட்டு கொடியில கிடக்கு. மழை வந்தால் எடுத்துவிடுங்கோ" என்றார்.

அன்று பின்னேரமே கொட்டாஞ்சேனையில் இருந்த கணக்காளர் நண்பரிடம் போனேன். "பிடிபட முதல் நீராப் போய் வரிக் கந்தோரில சொன்னால் தண்டம் குறைவு. அந்த ஆளின்ர பேரோட முத்திரை குத்தின தாளும் கிடைக்கும். ஆனால் அந்தரப்பட்டு ஓடாதையும். கணக்குப் பிழைச்சால் முழுத் தண்டமும் உம்மட தலையில. திங்கள் வரைக்கும் பொறும், நான் செய்து தாறன்."

மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "அந்தப் பிள்ளை உள்ளுக்குக் கிடக்குது. நீங்கள் தண்டம் குறைக்கப் பாக்கிறியள்."

"கணக்குச் சரியா இருக்க வேண்டாமே?"

"எந்த நாள் மழை பெய்ததெண்டு உங்களுக்குப் பாடம். ஆர் எப்ப வாடகைக்கு வந்தவையெண்டு தெரியாதோ? ஒரு மணித்தியாலத்தில எழுதலாம்."

எழுதியிருக்கலாம். நான் பொறுத்திருந்தேன்.

திங்கட்கிழமை வரி அதிகாரி மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார். தாங்களாகவே வந்து சொல்பவர்கள் மிகக் குறைவு என்று பாராட்டினார். ஆண்டு ஆண்டாக மறைத்ததற்கு நான் பயந்திருந்ததில் ஒரு சிறு பங்குதான் தண்டமாக வந்தது. ஏன் வந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. தாளோடு நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போனேன்.

சார்ஜன்ட் அதை முழுவதும் வாசித்துத் திருப்பித் தந்தார். "நேத்து வேற இடத்துக்கு ஏத்திட்டாங்க."

எந்த இடம் என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு நான் கேட்ட எந்த வாசலிலும் ஒருவருக்கும் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து படவரைஞரின் தாயார் வந்தார். காணாமற்போனவர்களைப் பதியும் இடத்தில், மகன் கொழும்பில் எங்கே இருந்தான் என்பதற்கு ஆதாரம் கேட்டார்களாம். மகனின் பெயரும் என் விலாசமும் உண்மையாகச் சேர்ந்திருந்த ஒரே தாள் அந்த வரித் தாள்தான். எடுத்துக் கொடுத்தேன். மகனின் பெயரை விரலால் தடவியபடி வாசித்தார். விரல் கீழே இறங்கி முத்திரையில் நின்றது.

"இது என்ன நாள் தம்பி?"

"திங்கள், அம்மா."

"பிடிச்சது செவ்வாயெல்லே?"

"ஓம். அதுக்கு முந்தின செவ்வாய்."

தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். தேத்தண்ணி போடவா என்று மனைவி கேட்டாள். வேண்டாம் பிள்ளை என்று சொல்லி எழுந்தார்.