ஒட்டகக் குட்டியின் இரண்டாம் பாகம்

முருகேஷுக்கு நாற்பதைத் தொட்ட பிறகுதான் கல்யாணம் ஆனது. வேல்விழியோடு அவள் மகள் ஆஷாவும் வீட்டுக்கு வந்தாள். சாமளாபுரத்திலிருந்து இளவட்டமாகத் திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தவன், இன்னும் கீழே வைத்தபாடில்லை. நாளெல்லாம் நின்றே வேலை பார்க்கிறவனுக்கு உட்கார்ந்தால் போதும், தூக்கம் வந்துவிடும். பஸ்ஸில் தூங்குவான், சலூனில் தூங்குவான். பெண் பார்க்கப் போன வீட்டில் காபி வருவதற்குள் கண்ணயர்ந்து, அந்தச் சம்பந்தமே தட்டிப்போனதைக் கம்பெனியில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஆஷாவைப் பெற்ற ஜெயபாண்டி டெய்லர். ஒரு நாள் ஃபுல் நைட் தைத்துவிட்டு வண்டியில் வரும்போது கண்ணசந்து லாரியில் மோதினான், போய்விட்டான். அதற்கு முன்னால், கடலைப் பார்க்க ஆசைப்பட்டுக் கிளம்பும் ஒட்டகக் குட்டியைப் பற்றிய கார்ட்டூன் படத்துக்கு மகளைக் கூட்டிப்போயிருந்தான். இரண்டாம் பாகம் வந்தால் அதற்கும் கூட்டிப்போவதாக வாக்கும் கொடுத்திருந்தான். இப்போது அந்த இரண்டாம் பாகம் வந்துவிட்டது.

ஷிப்மென்ட் அவசரம். ஞாயிற்றுக்கிழமையும் வேல்விழிக்குக் கம்பெனியில் செக்கிங் வேலை. "நீங்களே கூட்டிட்டுப் போங்க. ஒங்ககூட தனியா வர்றேன்னு அவ சொன்னதே இன்னைக்குத்தான். தயவுசெஞ்சு சொதப்பிறாதீங்க" என்றாள். முருகேஷ் விடிய விடிய இஸ்திரி போட்டுவிட்டு அப்போதுதான் வீடு வந்திருந்தான். முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினான். வண்டியில் ஆஷா அவனைப் பிடிக்கவில்லை, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மாமா என்று கூப்பிடுவதுகூட அம்மா சொன்னால்தான்.

தியேட்டரில் ஏசி, மெத்தென்ற நாற்காலி, போதாததற்கு இருட்டு வேறு. பாவி மனுஷன் என்னதான் செய்வான்! தொடையைக் கிள்ளிக்கொண்டு பார்த்தான். ஒட்டகம் வாயைத் திறந்ததும் ஆஷாவின் முகம் தொங்கிவிட்டது.

"குரல மாத்திட்டாங்க."

ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தான். அதற்குமேல் அவனுக்கு எதுவும் நினைவில்லை. விளக்குப் போட்டு, ஜனம் எழுந்து போய்க்கொண்டிருந்தபோதுதான் விழித்தான். ஆஷா பக்கத்தில் காலிப் பாப்கார்ன் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. வேல்விழியின் முகத்தில் எப்படி விழிப்பது?

வண்டி ஸ்டாண்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டான். "தூங்கிப்போட்டேன் கண்ணு. நீ எழுப்பியிருக்கலாமல்லோ?"

"அப்பாவும் தூங்குனாரு. மொத பார்ட்ல. குறட்டை வேற. நான் எழுப்பி எழுப்பிப் பாக்க வெச்சேன்" என்றாள். பிறகு, "ஒங்கள எழுப்ப வேணாம்னு தோணுச்சு" என்றாள்.

முருகேஷ் பேச்சை மாற்றினான். "படம் எப்படி இருந்துது?"

"மொத பார்ட் அளவுக்கு இல்ல. அதான் கடலப் பாத்துருச்சுல்ல, அப்புறம் அது என்ன பண்ணும்? சும்மா வில்லன் வந்து தொரத்திக்கிட்டே இருக்கான். மொத பார்ட்ல கூடவே வந்த கிழட்டு வாத்து இதுல ரெண்டு சீன்தான் வருது."

இரண்டாவதாக வந்ததெல்லாம் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். படத்தைப் பற்றி மட்டும் அல்ல. அலுப்பாக இருந்தது. இருந்தாலும் கேட்டான். "அந்தக் கொரலு?"

ஆஷா யோசித்தாள். "மொதல்ல புடிக்கவே இல்ல. இன்டர்வெல்லுக்கு அப்புறம் பழகிருச்சு."

அவன் வண்டியில் சாவியைப் போட்டான். ஆஷா ஏறவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

"பஸ்ல போவோம் மாமா."

"ஏங் கண்ணு? வண்டிதான் இருக்குதே."

"நீங்க ஃபுல் நைட் பாத்துருக்கீங்க. வண்டி இங்கயே கெடக்கட்டும்."

அவன் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஸ்டாண்டுக்காரரிடம் காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு நடந்தார்கள். பஸ்ஸில் நல்லவேளையாக இரண்டு சீட் கிடைத்தது.

"தூங்குங்க மாமா. ஸ்டாப் வந்தா எழுப்புறேன்" என்று அவன் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பார்த்து அவனுக்குத் தூக்கம் வரவில்லை. அவளுக்காகக் கண்ணை மட்டும் மூடிக்கொண்டான்.