இருபத்து நான்கு சிறுநீரகங்களின் நகர்வலம்

கடைசியாக ஒரு பெரிய நகரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தீர்களே, அங்கே எத்தனை கழிப்பறை பார்த்தீர்கள்? முகம் சுளிக்க வேண்டாம், கேள்வி நேரானதுதான். எண்ணிக்கை நினைவில்லை என்றால் நீங்கள் ஆணாக இருக்க வேண்டும். அல்லது காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல், தலைவலியோடு வீடு திரும்பிய பெண்ணாக இருக்க வேண்டும்.

அட்டவணை அக்காவைக் கேட்டால் யோசிக்காமல் மூன்று என்பாள். நாலாவது ஒன்று இருந்தது, அதை வேறொருவர் பார்த்தார் என்று சொல்லிச் சிரிப்பாள்.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. பிஸ்கட் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகப் பாக்கெட் போடுகிறாள். பெல்ட்டில் வரும் பிஸ்கட்டை எண்ணிப் பார்க்க மாட்டாள். கை வைத்தால் போதும், பதினொன்றா பன்னிரண்டா என்று விரலுக்குத் தெரியும். எதற்கும் ஒரு அட்டவணை போட்டுவிடுவாள் என்பதால் அந்தப் பெயர். துணி துவைக்க ஒன்று, பிள்ளைகளின் பரீட்சைக்கு ஒன்று, மாமியாரின் மாத்திரைக்கு ஒன்று. தும்முவதற்குக்கூட நேரம் ஒதுக்கிவைத்திருப்பாள் என்று அவள் புருஷன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான்.

அவள் வேலை செய்யும் மூன்றாம் வரிசையில் பன்னிரண்டு பெண்கள். சூப்பர்வைசரின் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஆணி, ஆணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு மரக்கட்டை. அதன் பெயர் டோக்கன். கழிப்பறைக்குப் போகிறவள் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பி வந்து கட்டையைக் கொடுத்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். இருபத்து நான்கு சிறுநீரகங்களுக்கு ஒரு கட்டை. இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு நிர்வாகம் பதவி உயர்வு கொடுத்தது. உடம்பு எந்த நிர்வாகத்துக்கும் கட்டுப்படாது என்ற எளிய அறிவியலை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெண்கள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார்கள். அதற்கு அடக்கம் என்று பெயர் வைத்தோம். மருத்துவமனையில் அதற்கு வேறு பெயர்.

அதே வரிசையில் அக்காவின் ஓரகத்தியும் வேலை செய்கிறாள். அவளுக்குச் சிறுநீரகத்தில் இரண்டு முறை கல் வந்துவிட்டது. தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்ன டாக்டரிடம், குடிப்பது பெரிய விஷயமில்லை, எங்கே போய் விடுவது என்று கேட்டுவிட்டு வந்தவள்.

இந்த வருடம் அதிக உற்பத்திக்குப் பரிசாக மூன்றாம் வரிசைக்கு ஒரு நாள் நகரச் சுற்றுலா அறிவித்தார்கள். ஒரு வேன், ஒரு டிரைவர், துணைக்குச் சூப்பர்வைசர். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், ஓரகத்தியைத் தவிர. ஐந்து வருடத்துக்கு முன்பும் இப்படி ஒரு சுற்றுலா. வழியில் இறங்க முடியாதே என்று பயந்து அன்று முழுக்க அவள் தண்ணீர் தொடவில்லை. அருங்காட்சியகத்தின் வாசற்படியிலேயே மயங்கி விழுந்தாள். அந்த நகரத்தில் அவள் பார்த்ததெல்லாம் முதலுதவி அறையின் கூரையும் ஒரு மின்விசிறியும். ஊரே தெரியும் அங்குள்ள பார்வைக் கோபுரத்தின் உச்சியில் ஏறி, தான் தினமும் பாலத்தில் கடக்கிற ஆறு நகரத்துக்குள் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. இந்த முறை வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"நீ வர்ற. தண்ணியும் குடிக்கற. கோபுரத்துலயும் ஏறுற," என்றாள் அக்கா. "மத்ததை எங்கிட்ட விடு."

மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியும் நோட்டுமாக உட்கார்ந்தாள். நகரத்தின் ஒவ்வொரு இடத்துக்கும் விசாரணை எண் இருக்கிறதே. திறக்கும் நேரத்தைக் கேட்டால் உடனே சொன்னார்கள். வரலாற்றைக் கேட்டால் கேட்டதற்கு மேலும் சொன்னார்கள். பெண்கள் கழிப்பறை எங்கே, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேட்டால் மட்டும் லைனை இன்னொருவருக்கு மாற்றினார்கள். மாற்றி மாற்றிக் கடைசியில் ஃபோன் துப்புரவுத் தொழிலாளியின் கைக்கு வந்து சேர்ந்தது. உண்மையான வழிகாட்டிகள் அவர்கள்தான். அருங்காட்சியகத்துக்கு ஒன்பது மணிக்குப் போங்கள், அப்போதுதான் கழுவியிருப்பேன் என்றாள் ஒருத்தி. பூங்காவை நம்பாதீர்கள், சாவி யாரிடம் என்று எனக்கே தெரியாது என்றாள் இன்னொருத்தி. பர்னிச்சர் கடையின் மூன்றாவது மாடியில் ஈ காக்கை வராத ஒன்று இருக்கிறது, சோபா பார்ப்பதுபோல நடந்து போங்கள் என்று காதோடு சொன்னாள் மூன்றாமவள்.

புறப்படும் காலையில் அக்கா நோட்டைப் படித்துக் காட்டினாள். சூப்பர்வைசர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஊரைச் சுத்திப் பாக்கப் போறீங்களா, கக்கூஸைச் சுத்திப் பாக்கப் போறீங்களா?"

"ரெண்டும்தான் சார். அது இல்லாம இது நடக்காது."

ஆம்பளைக்கு ஒரு சுவர் போதும் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு அவர் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அவருக்கும் ஒரு கடமை இருந்தது. சதுக்கத்துச் சிலைக்கு முன்னால் கம்பெனி பேனரைப் பிடித்தபடி பெண்களைப் படம் எடுத்து வர வேண்டும். மேனேஜர் உத்தரவு. கோபுரத்தைப் பற்றி மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் என்று அக்கா கொடுத்து, முன்னால் நின்று குடிக்கவைத்தாள். முதல் நிறுத்தம் ரயில் நிலையம். கால் மணி நேரம் என்று நோட்டில் இருந்தது, முக்கால் மணி நேரம் ஆனது. கூட்டமாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்தது அருங்காட்சியகம். அவள் நுழைவுச்சீட்டு வாங்க வரிசையில் நிற்க, மற்ற பதினொரு பேரும் கழிப்பறைக்குப் போனார்கள். சீட்டு வாங்கி வந்து பார்த்தால் யாரையும் காணோம். இருபது நிமிடம் ஆகியிருந்தது. உள்ளே போனாள்.

எட்டு அறைகள். ஏழின் கதவு விரியத் திறந்து கிடந்தது. வேறு ஆளே இல்லை. ஒரு அறை மட்டும் சாத்தியிருக்க, அதன் எதிரே சுவரோரமாக ஐந்து பெண்கள் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக நின்றுகொண்டிருந்தார்கள். போய்விட்டு வந்த ஐந்து பேர் கண்ணாடி முன்னால் காத்திருந்தார்கள். சாத்திய கதவு திறந்தது. வெளியே வந்தவள் கையிலிருந்த கைக்குட்டையை வரிசையின் முதல் ஆளிடம் நீட்டினாள். அவள் அதை வாங்கிக்கொண்டு, அதே அறைக்குள் போகக் காலெடுத்து வைத்தாள்.

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நொடியே நின்றும்போனது.

"யாருக்காகடி நிக்கறீங்க?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஏழு கதவுகளையும் பார்த்தார்கள். ஓரகத்திதான் மெல்லச் சொன்னாள்.

"தெரியல அக்கா. கால் தானா நின்னுடுச்சு."

தொழிற்சாலை அறுபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். ஆணியும் கட்டையும் அங்கேதான். ஆனாலும் வேனில் கூடவே வந்திருந்தன. ரயில் நிலையத்தில் போன அரைமணி நேரத்துக்கும் அப்போதுதான் அக்காவுக்குக் காரணம் புரிந்தது. கைக்குட்டையை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு கதவாகக் கையைக் காட்டினாள். ஒரே நேரத்தில் ஐந்து கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. உள்ளேயிருந்து ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள், அது அறை அறையாகப் பரவியது.

ஆனால் போன நேரம் போனதுதான். கோபுரத்தின் கடைசி லிஃப்ட் நான்கு மணிக்கு. அருங்காட்சியகத்தைப் பார்த்து, கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டை முடித்துவிட்டு வேன் ஏறியபோது மணி மூன்று ஆகிக்கொண்டிருந்தது. கோபுரம் வடக்கே, சிலை தெற்கே. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம். சிலைக்கே போ என்றார் சூப்பர்வைசர். பேனர் வேலை முடியாமல் தான் ஊர் திரும்ப முடியாது என்றார். ஓரகத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தெற்கே திரும்புவதற்குள் வேன் நெரிசலில் மாட்டிக்கொண்டது. ஐந்து நிமிடத்தில் ஐந்தடி நகர்ந்தது. காலையில் இரண்டு டீ, மதியம் ஒரு பெரிய பாட்டில் குளிர்பானம் என்று குடித்திருந்த சூப்பர்வைசரின் கால் ஆடத் தொடங்கியது. சுவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சுவருக்குச் சுவர் கேமரா, முனைக்கு முனை போலீஸ். முகமெல்லாம் வியர்க்க அவர் பின்பக்கம் திரும்பினார்.

"உங்க நோட்டுல பக்கத்துல ஏதாவது இருக்கா, பாருங்கம்மா."

"டோக்கன் யார்கிட்ட இருக்கு, சார்?" என்று கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல்.

வேனே குலுங்கியது. டிரைவர்கூட ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"போதும்டி. அடக்கிட்டு உக்கார்றது எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா?" என்றவள் சூப்பர்வைசரிடம் திரும்பினாள். "அதோ அந்த பர்னிச்சர் கடை, சார். மூணாவது மாடி, கட்டில் வெச்சிருக்கற இடத்துக்குப் பின்னால. யாராவது கேட்டா சோபா பாக்க வந்தேன்னு சொல்லுங்க."

ஓடினார். பத்து நிமிடம் கழித்து மூன்று சோபாக்களின் விளம்பரத் தாள்களோடு வந்தார். விற்பனையாளர் விடவில்லையாம், மூன்றிலும் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்ததாம். பேனரை எடுத்துக் காலடியில் தள்ளினார். வண்டி சிலைக்கா, கோபுரத்துக்கா என்று டிரைவர் கேட்டார். யார் முகத்தையும் பார்க்காமல், "கோபுரம்," என்றார்.

நான்குக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது பன்னிரண்டு பேரும் லிஃப்டுக்குள் நெருக்கியடித்து ஏறினார்கள்.

உச்சியில் ஓரகத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று சுற்று வந்தாள். ஆறு கிழக்கே போகிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாளாம். அது மேற்கே வளைந்து, மொட்டைமாடிகளில் காயும் துணிகளுக்கு நடுவே நுழைந்து, ஒரு பாலத்துக்கு அந்தப் பக்கம் காணாமல் போனது. பாட்டிலைத் திறந்து, எல்லாரும் பார்க்க, மடக் மடக்கென்று குடித்தாள். அங்கேயும் கழிப்பறை ஒன்று இருந்தது. அதற்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை. வந்தவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"அக்கா, உள்ள ஒரு பெரிய ஜன்னல். உக்காந்துக்கிட்டே ஆறு பாக்கலாம். எவனோ அறிவுள்ளவன் கட்டியிருக்கான்."

"எவளோ," என்றாள் அக்கா.

திங்கட்கிழமை மூன்றாம் வரிசையில் யாரும் ஆணிப் பக்கம் போகவில்லை. வேண்டியபோது எழுந்தார்கள், போனார்கள், வந்தார்கள். பத்தரை மணிக்கு ஏழு பேர் ஒன்றாக எழுந்ததில் பெல்ட் ஆறு நிமிடம் நின்றது. சூப்பர்வைசர் தன் மேஜையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். மேனேஜர் குனியவில்லை. வேலை நேரத்தில் அனுமதியின்றிக் கூட்டமாக வெளியேறியதற்குக் காரணம் கேட்டு அக்காவுக்கு ஓலை வந்தது. பதிலுக்கு நிர்வாகம் ஒரு முழுப்பக்கம் ஒதுக்கியிருந்தது. அக்கா ஒரே ஒரு சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்: "வந்தது."

விசாரணை அடுத்த வாரம். அக்காவுக்குத் துணையாக உள்ளே வர ஓரகத்தி பெயர் கொடுத்திருக்கிறாள்.

இதைப் படித்துச் சிரித்தீர்கள் என்றால் நல்லது. நாளைக் காலை, உங்கள் அலுவலகமோ கடையோ பள்ளிக்கூடமோ, அங்கே பெண்கள் போகும் கழிப்பறையின் சாவி யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, போவதற்கு யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா என்று அங்கே வேலை செய்கிற பெண்களிடமே கேளுங்கள். வாங்க வேண்டும் என்று சொன்னால், ஏன் என்று நாலு பேர் காதில் விழும்படி அனுமதி கொடுக்கிற அதிகாரியிடமே போய்க் கேளுங்கள்.