பனிக்கு அடியில் பார்த்தசாரதி

பார்த்தசாரதி ஒரு ஐஸ் ஹாக்கி ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஊர் அணி ஜெர்மனியின் சாம்பியன் ஆன வருஷம், அவர்கள் சறுக்கி ஓடிய பனியை உறையவைத்த இரண்டு பேரில் அவன் ஒருவன். ஊர்ப் பெயரையும் ஆண்டையும் நான் சொல்லப் போவதில்லை. ரூர் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த ஓர் ஊர், எழுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் துருவினால் எனக்குக் கோபம் வரும்.

என் பெயர் சிதம்பரம். பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். வாரம் ஒரு நாள் ரசம் சாதத்துக்காக டிராம் பிடித்து பார்த்தசாரதி வீட்டுக்குப் போய்விடுவேன். அவன் மனைவி வைதேகி, 'இவருக்கு ஆராய்ச்சியே நம்மாத்து அடுப்புலதான்' என்று என் முகத்துக்கு நேரே சொல்வாள். சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை பரிமாறுவாள்.

பார்த்தசாரதி திருச்சிக்காரன். அறுபத்து நாலில் தொழிற்பயிற்சிக்கு வந்தவன், இன்ஜினியரிங் படிக்கச் சேர்ந்து, கணக்குத் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டான். வீட்டுக்கு அதை எழுதவில்லை. அங்கே அவன் அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் பையன் ஜெர்மனியில் இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பட்டம் இல்லாமல் திரும்பிப் போக அவனுக்கு முகம் இல்லை. பனி அரங்கத்தின் மெஷின் ரூமில் வேலை கிடைத்ததும் இறுகப் பிடித்துக்கொண்டான். அவனுடைய வேலை அனுமதி அந்த ஒரு வேலைக்கு மட்டும்தான். வேலை போனால் பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது. முத்திரை விழாவிட்டால் இரண்டு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மெஷின் ரூம் பார்வையாளர் மாடத்துக்குக் கீழே இருந்தது. இரண்டு பழைய கம்ப்ரஸர்கள், குழாய்கள், அவற்றுக்குள் பனியை உறையவைக்கும் அமோனியா. அமோனியா ஆளைக் கொல்லும். ஆனால் கொல்வதற்கு முன்னால் மூக்கைப் பிய்த்துக்கொண்டு எச்சரிக்கை கொடுக்கும். அங்கே வேலை செய்கிறவனுக்கு மூக்குதான் முதல் கருவி. முகமூடிகள் கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கும். போட்டால் கண்ணாடி வேர்த்து அளவுமானி தெரியாது. அதனால் வாசனை வந்தால் மட்டும் போடுவது அந்த அறையின் பழக்கம். எப்போதும் போட்டுக்கொண்டே நுழைய வேண்டும் என்று சுவரில் ஒரு விதி ஒட்டியிருந்தது. அதை ஒட்டிய அதிகாரியைத் தவிர வேறு யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அறைக்குத் தலைவர் வில்லி நோவாக். வயது ஐம்பத்தெட்டு, சுரங்கத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு மேலே வந்தவர். ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினால் அதிகம். பார்த்தசாரதியைச் 'சாரதி' என்று கூப்பிடுவார்; அவனுக்கு அவர் 'ஹெர் நோவாக்', அதாவது திரு நோவாக். மத்தியானம் தன் ரொட்டியில் பாதியை அவன் பக்கம் தள்ளுவார்.

அந்த சீசனுக்குப் புதிய பயிற்சியாளர் வந்திருந்தார். கடைசிக்கு இரண்டு இடம் மேலே கிடந்த அணி அது. பனி கல்லாக இருந்தால்தான் என் பையன்கள் வேகமாக ஓடுவார்கள் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். அதற்காக இரண்டு கம்ப்ரஸர்களும் ஓய்வே இல்லாமல் ஓடின. பையன்களும் ஓடினார்கள். நவம்பரில் தொடங்கி வரிசையாகப் பதினோரு ஆட்டம் ஜெயித்தார்கள். வேலை போன சுரங்கத் தொழிலாளிகள் கழுத்தில் அணியின் துணியைச் சுற்றிக்கொண்டு தெருவில் பாடினார்கள். கோல்கீப்பர் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் கீழே இறங்கி வந்து இரண்டாம் நம்பர் கம்ப்ரஸரை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார். ஜனவரியில் அதே கம்ப்ரஸரின் வால்வில், வாயு கசியாமல் தடுக்கும் அடைப்பைப் புதிதாகப் போடவேண்டும் என்று நோவாக் எழுதிக் கொடுத்தார். மெஷினை நிறுத்தினால் அதிர்ஷ்டம் நின்றுவிடும், சீசன் முடியட்டும் என்று கிளப் சொல்லிவிட்டது. படித்த மனிதர்கள் சொன்ன பதில் அது.

அதற்கு முன்பே, டிசம்பரில், பார்த்தசாரதிக்குக் கடுமையான ஃப்ளூ வந்தது. காய்ச்சல் பத்து நாளில் போயிற்று. மூக்கும் கூடவே போயிற்று.

முதலில் கண்டுபிடித்தவள் வைதேகி. அவள் கீழே துணி காயப்போடப் போயிருந்த நேரம் பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கரியாகிவிட்டது. புகை மண்டிய சமையலறைக்கு அடுத்த அறையில் அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அவள் பெருங்காய டப்பாவைத் திறந்து அவன் மூக்கடியில் நீட்டினாள். அவன் தலையை ஆட்டினான்.

அந்த வாரம் நான் போனபோது இரண்டு பேருக்கும் சண்டை.

"நோவாக்கிட்ட சொல்லிடுங்கோ. இது விளையாட்டு இல்லை" என்றாள் வைதேகி.

"சொன்னா அன்னிக்கே வெளியில அனுப்புவா. மார்ச் இருபதாம் தேதி பர்மிட் ரினியூவல். அதுவரைக்கும் தாக்குப்பிடிச்சா போறும்" என்றான் அவன். பிறகு என்னைப் பார்த்தான். "நீ கெமிஸ்ட்தானே? ஏதாவது பண்ணுடா."

பண்ணினேன். இன்றைக்கும் என்னை நான் மன்னிக்காத காரியம் அதுதான். ஆய்வகத்திலிருந்து ஒரு கட்டு சிவப்பு லிட்மஸ் தாள் எடுத்துவந்து கொடுத்தேன். நனைத்துக் குழாய்ப் பக்கம் பிடித்தால், அமோனியா கசிந்தால் நீலமாகிவிடும். பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரிந்த பாடம். உள்ளங்கையில் மறைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது. நான் ஏதோ பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டவன் மாதிரி அன்று இரண்டு அப்பளம் கூடுதலாகத் தின்றேன்.

லிட்மஸ் வேலை செய்தது. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் இரண்டு சிறு கசிவுகளை நோவாக்குக்கு முன்னால் அவன் கண்டுபிடித்தான். உனக்கு நாய் மூக்கு என்று நோவாக் பாராட்டினாராம். வைதேகி அதைக் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மார்ச் ஐந்து, ஞாயிற்றுக்கிழமை. சீசனின் கடைசி ஆட்டம்; ஜெயித்தால் சாம்பியன். மத்தியானமே எட்டாயிரம் பேர் உள்ளே வந்துவிட்டார்கள். நோவாக் அன்று பயங்கர ஜலதோஷத்தோடு வந்தார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடி சொன்னார்: "எனக்கு அடைச்சுப்போச்சு, சாரதி. இன்னிக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து உன் மூக்குதான்."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது என்று பிறகு என்னிடம் சொன்னான். இன்னும் பதினைந்து நாள்தானே என்று விழுங்கிவிட்டான். ஆட்டம் தொடங்குமுன் தாளோடு ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். எல்லா இடத்திலும் சிவப்பு. அதன் பிறகு நோவாக் அவன் பக்கத்தைவிட்டு நகரவில்லை. நோவாக்கின் கண்முன்னே தாளை எடுக்க முடியவில்லை.

இரண்டாம் பகுதி முடிந்து இடைவேளை. இரண்டாம் நம்பரின் அளவுமானி மெதுவாக இறங்குவதை நோவாக் கவனித்தார்.

"பின்பக்கம் ஏதாவது வாசனை வருதா?"

பார்த்தசாரதி பின்பக்கம் போய்க் குனிந்து, மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். அந்தப் பாவனை அவனுக்கு இரண்டு மாதத்தில் நன்றாகப் பழகியிருந்தது.

"இல்லை, ஹெர் நோவாக். ஒண்ணும் இல்லை."

ஒன்றரை மணி நேரத்துக்கு முந்தைய சிவப்பை நம்பிச் சொன்ன பதில். கசிவு அதற்குப் பிறகு தொடங்கியிருந்தது. நோவாக் முகமூடி எடுக்காமல், ஸ்பேனரோடு பின்பக்கம் போய் வால்வை இறுக்க மண்டியிட்டார். பழைய அடைப்பு பிய்த்துக்கொண்டது. அமோனியா நேராக அவர் முகத்தில் பீறிட்டது.

பார்த்தசாரதி வெளியே ஓடி முகமூடியை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தான். முக்கிய வால்வை மூடினான். காற்றாடிகளைப் போட்டான். நோவாக்கின் காலைப் பிடித்துப் பின்வாசல்வரை இழுத்துவந்தான். கைகள் இரண்டும் வெந்துபோயின. மேலே மூன்றாம் பகுதி தொடங்கிவிட்டிருந்தது. எட்டாயிரம் பேர் காலால் தட்டியதில் தலைக்கு மேல் கான்கிரீட் அதிர்ந்தது. இவன் கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லை. கம்ப்ரஸர்கள் நின்றும் பனி அந்த இருபது நிமிஷம் தாங்கியது. நாலுக்கு மூன்று. ஊர் சாம்பியன் ஆயிற்று. பின்தெருவில் ஜனங்கள் கட்டிப்பிடித்து ஆடிக்கொண்டிருந்ததால் ஆம்புலன்ஸ் வந்து சேர அரை மணி நேரம் பிடித்தது.

மறுநாள் பேப்பரில் முதல் பக்கத்தில் கோப்பை. நாலாம் பக்கத்தில் கட்டுப்போட்ட கைகளோடு பார்த்தசாரதி: எட்டாயிரம் பேரைக் காத்த இந்தியன். கிளப் தலைவர் வீடு தேடி வந்து பூங்கொத்து கொடுத்தார். வைதேகி அதைத் தண்ணீரில் வைக்கவில்லை. அது மேஜைமேலேயே கிடந்து வாடிற்று.

நோவாக்கின் நுரையீரல் வெந்திருந்தது. பார்த்தசாரதி தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் வெளியே நடையில் உட்கார்ந்திருப்பான். நோவாக்கின் மனைவி வருவார், போவார். இவன் எழுந்து நின்று வணக்கம் சொல்வான். அந்த அம்மாள் அவன் கட்டுப்போட்ட கைகளைத் தொட்டு நன்றி சொல்வார். அதைக் கேட்டுவிட்டு வந்து அவனால் சாப்பிட முடியவில்லை.

விசாரணை அதிகாரி மூன்றாம் நாள் அவனிடம் வந்தார். சம்பவத்துக்கு முன் வாசனை வந்ததா என்று கேட்டார். வரவில்லை என்றான். அது பொய் இல்லை, அதுதான் கொடுமை. முகமூடி அணியாமல் நுழைந்தது நோவாக்கின் சொந்த அலட்சியம் என்று அதிகாரி எழுதிக்கொண்டார். அடைப்பு மாற்றச் சொன்ன ஜனவரிக் கடிதத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, கிளப்பும் வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலை அவன் என் அறைக்கு வந்தான். "சொல்லிடறேண்டா. அவர்மேல பழி போடறா. என்னைக் கேட்டுட்டுத்தான் அவர் போனார்."

நான் அவனைப் பிடித்து உட்காரவைத்தேன். "பைத்தியமா உனக்கு? நீ சொன்னா அவருக்கு நுரையீரல் திரும்பி வரப்போறதா? இருபதாம் தேதி ஸ்டாம்ப் விழட்டும். அப்புறம் யார்கிட்ட வேணா சொல்லு. பன்னண்டு நாள் வெயிட் பண்ண முடியாதா?"

அவன் சாது. யார் அழுத்திச் சொன்னாலும் கேட்பான். அதை நான் பயன்படுத்திக்கொண்டேன் என்று இன்று தெரிகிறது.

பதினாலாம் தேதி காலையில் நோவாக் இறந்தார். இருபதாம் தேதி வெளிநாட்டவர் அலுவலகத்தில் பேப்பர் படித்திருந்த ஒரு குமாஸ்தா எழுந்து நின்று அவனிடம் கைகுலுக்கி, இரண்டு வருஷத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்தார். மறுநாள் பார்த்தசாரதி விசாரணை அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினான். மூக்கு போனது, லிட்மஸ் தாள், நோவாக் கேட்டது, தான் சொன்ன பதில், எல்லாவற்றையும் எழுதினான். என் பெயரை மட்டும் விட்டுவிட்டான். தபாலில் போடுவதற்கு முன் நோவாக்கின் மனைவியிடம் காட்டவேண்டும் என்றான். துணைக்கு நானும் போனேன்.

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு சின்ன வீடு. அந்த அம்மாள் எங்களைச் சமையலறையில் உட்காரவைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு கடிதத்தை நிதானமாகப் படித்தார். படித்து முடித்து மடித்து மேஜைமேல் வைத்தார். அழவில்லை. குரலும் உயரவில்லை.

"ஆஸ்பத்திரியில ரெண்டாம் நாள் என் வில்லி பேசினார்" என்றார். "மூச்சு வாங்கிட்டே சொன்னார், நான் சாரதியைக் கேட்டேன், வாசனை இல்லைன்னு சொன்னான்னு. நான் நம்பலை. உன் உயிரைக் காப்பாத்தக் கையை வேகவெச்சுக்கிட்டவன்மேலே பழியைப் போடாதே, வெட்கமா இல்லையான்னு திட்டினேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார். அப்புறம் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. முப்பத்துநாலு வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம்."

பார்த்தசாரதி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க தினமும் வந்தீங்க. கதவுக்கு வெளியிலதான் உட்கார்ந்திருந்தீங்க. ஒன்பது நாள்."

கடிதத்தை அவனிடம் திருப்பிக் கொடுத்தார். எழுந்து போய்க் கதவைத் திறந்துவைத்தார். நாங்கள் வெளியே வந்தோம். தெருமுனையில் இருந்த தபால்பெட்டியில் அவன் கடிதத்தைப் போட்டான். அறிக்கையில் நோவாக்கின் பெயருக்கு எதிரே இருந்த வாக்கியத்தை அடித்துவிட்டு அவன் பெயரை எழுதினார்கள். வேலையும் போயிற்று, முத்திரையும் போயிற்று. மே மாதம் அவனும் வைதேகியும் திருச்சிக்குக் கிளம்பினார்கள்.

விமான நிலையத்தில் வைதேகி என்னிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அந்தக் கதவுக்கு வெளியே அவனை ஒன்பது நாள் உட்காரவைத்தவன் யார் என்று அவளுக்குத் தெரியும்.