அறுபது சென்டில் கொட்டிய கடல்

வீரம்மாளுக்கு யார் மேலும் லேசில் அருவருப்பு வராது. திருப்பூரில் சாயத்தண்ணி ஓடுகிற சாக்கடை ஓரம் பதினான்கு வருஷம் குடியிருந்து, அந்த நாற்றத்திலேயே சோறு தின்றவள். அவளுக்கே குமட்டியது என்றால் அது எப்பேர்ப்பட்ட கூட்டமாக இருக்க வேண்டும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

செந்துறைக்குப் பக்கத்து ஊர் அவளுக்கு. அம்மா சாகும்வரை அடுத்தவர் காட்டில் களை வெட்டினாள். சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது. அந்த வைராக்கியத்தில்தான் வீரம்மாள் பனியன் கம்பெனியில் உழைத்துச் சேர்த்து, ஊருக்கே திரும்பி வந்து அறுபது சென்ட் மேட்டுநிலம் வாங்கினாள். புருஷன் பெயரில் இல்லை, தன் பெயரில். வாங்கியது கல்லுக்காடு. மண்வெட்டியைப் போட்டால் நத்தையும் கிளிஞ்சலும் சங்குமாகக் கல்லாய்ப்போன கடல் சாமான்கள்தான் வெளியே வரும். ஒரு காலத்தில் இங்கே கடல் கிடந்ததாம், கிடந்துவிட்டுப் போகட்டும். இரண்டு வருஷம் குனிந்து பொறுக்கி வரப்பில் குவித்தாள். இடுப்பு ஒடிந்து போனது, ஆனால் மண் மண்ணாக ஆனது. ஆடியில் உழுது, எருவுக்கு ஆட்டுக்கிடை போட்டு, புரட்டாசியில் மக்காச்சோளம் ஊன்றுவாள்.

அந்தக் கல்லைத் தேடிக்கொண்டுதான் போன ஆவணியில் சென்னையிலிருந்து வந்து இறங்கினார்கள். பழைய சுண்ணாம்புக்கல் குழிக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புக்கு நடுவே இருந்த பங்களாவை வாடகைக்கு எடுத்து, ‘கலைஞர் முகாம்’ என்று போர்டு மாட்டினார்கள். உப்பு, கடல், மாறிக்கொண்டிருக்கும் பூமி, இதையெல்லாம் பற்றி ஒரு மாசம் தங்கி யோசிப்பார்களாம். யோசிக்கிறவர்களுக்கும் வயிறு இருக்கிறதே! வீரம்மாளைச் சமையலுக்குக் கூப்பிட்டார்கள்.

முதல் வாரம் வேடிக்கையாகத்தான் இருந்தது. கல்லை எடுத்து நக்கிப் பார்ப்பார்கள், கண்ணை மூடிக்கொண்டு “ஆகா, கடல்!” என்பார்கள். அதே ஆட்கள் குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டால் மூஞ்சியைச் சுளிப்பார்கள். ஒரு நாள் பேச்சுவாக்கில், “எங்க தெரு போர்த் தண்ணி இப்பல்லாம் வாயில வைக்க முடியலைங்க, ஒரே உப்பு” என்றாள். ஒருத்தி மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, “அக்கா, இதையே இன்னொரு தடவை கொஞ்சம் சோகமா சொல்லுங்க” என்றாள். சீ, கருமம்! அன்றைக்குத்தான் முதன்முதலாக வீரம்மாளுக்கு வயிற்றைப் பிரட்டியது.

அவர்களில் அறிவரசன் மட்டும் தேவலை என்று நினைத்திருந்தாள். முப்பது வயசிருக்கும், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவான். அவன்தான் வந்து கேட்டான்.

“அக்கா, உங்க நிலம் சும்மாதானே இருக்கு? நாலு நாளைக்கு ஒரு காட்சி வெச்சுக்கலாமா?”

“வெதைக்க இன்னும் பத்து நாளு இருக்கு. வெச்சுக்குங்க தம்பி.”

பந்தல் போட்டு நாலு படம் மாட்டுவார்கள் என்று இவள் நினைப்பு. மறுநாள் வேதாரண்யத்திலிருந்து லாரியில் உப்பு மூட்டைகள் பங்களா வாசலில் இறங்கின. “மண்ணுக்கு உப்பு போடலாமாக்கா? கெடுதல் இல்லையே?” என்று கேட்டான். தென்னைக்கு உப்பு வைப்பது ஊரில் எல்லாரும் செய்கிற காரியம். சுற்றிலும் தோப்பு வேறு. “தாராளமா போடுங்க, நல்லா தேறும்” என்று சொல்லிவிட்டு ரசத்தை இறக்கினாள். எங்கே போடப்போகிறான் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் முகாம் ஆட்களுக்கு இட்லித் தூக்கோடு நிலத்துக்குப் போனாள். உழுது கிடை போட்ட மண் தெரியவே இல்லை. வரப்புக்கு வரப்பு, அலை அலையாக, வெள்ளை வெளேரென்று உப்பு.

“என்னாங்க தம்பி இது?”

“கடலைத் திரும்பக் கூட்டிட்டு வந்திருக்கோம்க்கா!” பல்லெல்லாம் தெரியச் சிரித்தான் அறிவரசன். “நீங்கதானே போடச் சொன்னீங்க?”

“அய்யோ, நான் தென்னைக்குன்னுல்ல சொன்னேன்! இது சோளம் போடுற மண்ணுங்க. அள்ளுங்க, மொதல்ல அள்ளுங்க!”

“நாளைக்குத் திறப்பு விழா முடியட்டும்க்கா. அள்ளிடலாம்.”

மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. ஒரு மழை போதும், உப்பு கரைந்து உள்ளே இறங்கிவிடும், அப்புறம் அங்கே ஒரு விதை கண் திறக்காது. அதையும் சொல்லிப் பார்த்தாள். “மழை வந்தா இன்னும் பிரமாதம்க்கா. கரையறதும் இந்தப் படைப்போட ஒரு பகுதிதான்” என்றான் அவன்.

வீரம்மாள் தூக்கை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். ஏரி வாய்க்காலில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. அவள் நாத்தனார் பூமாலையும் அங்கேதான் இருந்தாள். “அடி பூமாலை, எம் பொழப்புல உப்பைக் கொட்டிட்டானுங்கடி!” என்று அலறினாள். மறுபேச்சு இல்லாமல் பதினைந்து பொம்பளைகள் மண்வெட்டியும் பாண்டுச் சட்டியுமாகக் கிளம்பி வந்தார்கள். மேல் மண்ணோடு சேர்த்துச் சுரண்டிச் சுரண்டி, பாண்டில் அள்ளி ரோட்டோரம் கொட்டினார்கள்.

விழாவுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்திருந்த விருந்தாளிகள் வரப்பில் வரிசை கட்டி நின்றார்கள். எல்லார் கையிலும் செல்போன். இதுவும் காட்சிதான் என்று நினைத்து நடுநடுவே கைதட்டினார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அவ்வளவு உருக்கமாக இருந்ததாம்! “இங்க என்னா தெருக்கூத்தா நடக்குது? எறங்கி வந்து ஆளுக்கொரு பாண்டு அள்ளுங்களேன்!” என்று கத்தினாள் பூமாலை. கைதட்டல் இன்னும் பலமானது. ஒருத்தராவது குனிய வேண்டுமே! வீரம்மாளுக்கு வாயில் புளித்த தண்ணீர் ஊறியது. விழுங்கிக்கொண்டு அள்ளினாள்.

மூன்று மணிக்கு மழை கொட்டியது. கீழ்மூலை மட்டும் பாக்கி நின்றுவிட்டது. போனது கால்வாசிதான், முக்கால்வாசியைக் காப்பாற்றிவிட்டோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். மறுநாளிலிருந்து அவள் சமைக்கப் போகவில்லை. புரட்டாசியில் சோளம் ஊன்றினாள். கீழ்மூலையில் ஒன்றும் முளைக்கவில்லை, மற்ற இடத்தில் முழங்கால் உயரம் வந்தது. களை எடுத்தாள், உரம் வைத்தாள். அங்கங்கே தோகை லேசாகப் பழுத்திருந்தது, பனியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கார்த்திகையில் அறிவரசன் வந்தான். மேலே ஒரு குட்டி ட்ரோனைப் பறக்கவிட்டுப் படம் எடுத்துவிட்டு, செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“பாருங்கக்கா, மேலேர்ந்து பார்த்தா எவ்வளவு அழகா இருக்கு! அலை மாதிரியே வந்திருக்கு.”

வீரம்மாள் தன் நிலத்தை முழுசாக ஒரே பார்வையில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கீழ்மூலை வெள்ளையாக இருந்தது, அது அவளுக்குத் தெரிந்ததுதான். அந்த வெள்ளையிலிருந்து பயிருக்கு உள்ளே, நடு நிலத்தையும் தாண்டி, மஞ்சள் பட்டை பட்டையாக ஏறிக்கொண்டிருந்தது. பச்சை என்று மேல்வரப்பு ஓரம் ஒரு துண்டுதான் மிச்சம்.

“இதை இப்படியே விட்டு வெச்சிருங்கக்கா. அடுத்த வருஷமும் வந்து எடுக்கறோம்” என்றான் அவன்.

அவளுக்கு அடிவயிற்றிலிருந்து எகிறிக்கொண்டு வந்தது. தூவென்று அவன் காலடியில் துப்பினாள். துப்பியது மண்ணில் இறங்குவதைப் பார்த்ததும், முந்தானையால் அந்த இடத்தைத் துடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

“எம் மண்ணுலயே என்னைத் துப்ப வெச்சுட்டியேடா, பாவி!”